சுத்தமான புண்

டூவிபுரம், தூத்துக்குடி
ஜனவரி 6

அன்புள்ள பேச்சிச்செல்விக்கு,

ஜெயஷீலா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கக் கடவுள் கிருபை செய்யட்டும். நாங்களும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போன வாரம் போனில் பேசும்போதே, ஏளா உன் தொண்டை சரியில்லையே, என்ன விசயம் என்று கேட்டாய். சளி என்று சொல்லித் தப்பித்தேன். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. நான் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த வீட்டு ஸ்டெபின் லீவு முடிந்து 24-ஆம் தேதி உங்கள் ஊருக்குத் திரும்புகிறான். அதுவரை கை ஒழிந்தபோதெல்லாம் எழுதி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நெத்திலிக் கருவாடும் வரும். உன் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் அதை வறுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரியிடம் நீ வாங்கப்போகும் பேச்சுக்கு நான் பொறுப்பில்லை.

அவருக்குக் காலில் புண். ரிட்டயர் ஆனபிறகும் சத்தியராஜுக்கு வீடு தங்காது, உனக்குத் தெரியும். பழைய கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கே பாதிச் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நவம்பரில் கண்டெய்னர் யார்டில் சீல் நம்பர் பார்க்கப் போன இடத்தில், திறந்து கிடந்த கதவின் கம்பி முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் உரசியிருக்கிறது. ரத்தம்கூட வரவில்லை. மறுநாள் அந்த இடத்தில் பருப்பு அளவில் ஒரு சீழ்க் கொப்புளம். நான் ஊசியைச் சுட்டு அதைக் கீறி, சீழை எடுத்து, மருந்து வைத்துக் கட்டினேன். நாலே நாளில் அது ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வந்துவிட்டது.

அவருக்குச் சர்க்கரை உண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் சர்க்கரைப் புண் என்று முடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் முடித்தது நான்தான். ஆனால் பாதத்தில் நாடி நன்றாக அடிக்கிறது. விரல்களில் உணர்ச்சி இருக்கிறது. சர்க்கரைப் புண்ணில் வலி தெரியாது என்று நர்ஸிங்கில் நாம் படித்தோமே, இவருக்குப் போர்வை நுனி பட்டால் உயிர் போகிறது. இது ஏன் என்று நான் அப்போதே யாரையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டரில் வைத்துச் சுத்தம் செய்தார்கள். மஞ்சள் சதையை வெட்டி எடுத்து, அடி சிவப்பாகத் தெரிகிறவரை சுரண்டினார்கள். ஒரு வாரத்தில் உள்ளங்கை அளவாகிவிட்டது. இருபத்திரண்டாம் தேதி மறுபடி சுரண்டினார்கள். இப்போது முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஆரம்பித்து ஆடுசதைப் பக்கம் திரும்பிவிட்டது. ஓரம் முழுக்கக் கத்திரிக்காய்த் தோல் நிறம். இடுக்கியின் நுனியை அந்த ஓரத்துக்கு அடியில் விட்டால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

காலையும் மாலையும் நானே கட்டுப் பிரிக்கிறேன். பஞ்சைக் கொதிக்க வைத்த தண்ணீரில் நனைத்து, மேலே படிந்ததை எல்லாம் துடைத்து, ஒட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரித்து, ரத்தம் புள்ளி புள்ளியாக வருகிறவரை விடமாட்டேன். மேட்ரன் அம்மா நமக்குச் சொன்னதுதான், ரத்தம் வந்தால் அது உயிருள்ள சதை. அவர் துண்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு துளி நாற்றம் கிடையாது பேச்சி. வந்து பார்க்கிற நர்ஸ் பிள்ளைகள் எல்லாம், யாரு கட்டுப் போட்டது என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் எனக்கு என்னவோ ஒன்று நினைவுக்கு வருகிற மாதிரி இருக்கிறது. வந்துவிடக் கூடாது என்றும் இருக்கிறது. அவர் கூப்பிடுகிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 11

மூன்றாவது தடவை சுரண்டி இரண்டு நாளாகிறது. இன்று காலை கட்டுப் பிரித்தபோது ஓரம் இன்னும் ஒரு விரல் கடை நகர்ந்திருந்தது. கணுக்காலை நோக்கி இறங்குகிறது.

அது மட்டும் என்றால் தாங்கிக்கொள்வேன். மூன்று நாளைக்கு முன்னால் குளுக்கோஸ் ஏற்ற இடது புறங்கையில் ஊசி போட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கொப்புளம். அதே பருப்பு அளவு, சுற்றிலும் அதே கத்திரிக்காய் நிறம். அவர், கொசு கடிச்சிருக்கும் ளா என்கிறார்.

சர்ஜன் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்கிறார். மூன்று தடவை சீழைச் சோதனைக்கு அனுப்பியும் ஒரு கிருமியும் முளைக்கவில்லையே என்று கேட்டேன். மருந்து உள்ளே இருப்பதால் முளைக்கவில்லை என்றார். மருந்தை நாலு தடவை மாற்றியும் புண் நிற்கவில்லையே என்றேன். அதனால்தான் சிஸ்டர் சொல்லுதேன், காலை எடுத்திருவோம், முழங்காலுக்குக் கீழ எடுத்தா நாளைக்குச் செயற்கைக் கால் வச்சு நடக்கலாம், பிந்தினா தொடைக்கு ஏறிரும் என்றார். 22-ஆம் தேதி என்று குறித்துவிட்டார்கள். சம்மதக் காகிதம் மேஜைமேல் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி.

ஜெஸ்லின் கோயம்புத்தூரிலிருந்து தினமும் வீடியோவில் வருகிறாள். அப்பா முகத்தை மட்டும் காட்டுகிறேன். அம்மா, உசுரு முக்கியமா காலு முக்கியமா என்று கேட்டு அழுகிறாள். நாற்பது பேர் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட நான் பக்கத்தில் நின்று தைரியம் சொல்லியிருப்பேன். எனக்கு என்று வரும்போது பேனா மூடியைக்கூடக் கழற்ற முடியவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடந்து அறுக்கிறது. ஒன்றரை வருஷமாக அவர் கோயிலில் முன்வரிசையில் உட்காருவதில்லை. சபையின் சேகரக் கமிட்டிச் செயலராக இருந்த மனிதர், கடைசி வரிசையில், கேட்டை ஒட்டி உட்காருகிறார். பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போய்விடுகிறார். இரண்டு முறை திருவிருந்துக்கே வரவில்லை. குருவானவரோடு சண்டையா என்று கேட்டால் சிரிக்கிறார். விசுவாசம் போய்விட்டது என்று நினைத்து நான் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தேன். இந்தப் புண் அதற்கான தண்டனையோ என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஜனவரி 15

இன்று பொங்கல். உங்கள் வீட்டில் பொங்கியிருக்கும். ஹாஸ்டலில் நீ மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பொங்கல் வைத்து, அது தீய்ந்து, வார்டன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா. சிரிக்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் இன்று எழுத வேண்டியது வேறு.

காலையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை ஓரத்தில் வைத்தபோது அவர் முதல்முறையாக என் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்னைக்கு ஒருநாள் விட்டிரேன் ளா என்றார். அந்த வார்த்தையோடு, நாம் படித்த ஆஸ்பத்திரி வார்டின் ஒன்பதாம் கட்டில் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

பேச்சி, முப்பத்தாறு வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. நீ பெருந்தன்மையால் பேசவில்லை. நான் கோழைத்தனத்தால் பேசவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

சந்தனச்செல்வி. உப்பளத்தில் வேலை செய்த பெண், முப்பது வயதுகூட இருக்காது. உப்பு வாரும் பலகை காலில் பட்டு வந்த சின்னக் காயம். நம் இரண்டு பேருக்கும் அவளைக் கொடுத்தார்கள், காலையில் நீ, மாலையில் நான். நாளுக்கு நாள் பெரிதானது. அவள் கத்தாமல் இருக்க வாயில் துணி வைத்துவிட்டு நான் சுரண்டியிருக்கிறேன். நீதான் சொன்னாய், ஏளா ஷீலா, நாம தொடத் தொடத்தான் இது பெருசாகுது, ரெண்டு நாளு விட்டுப் பாப்போமா என்று. நான் உன்னைத் திட்டினேன். நீ உன் முறையில் ஒருநாள் கட்டுப் பிரிக்காமல், பிரித்ததாக நோட்டில் எழுதினாய். அன்று மதியம் அவள் முதல்முறையாக வலியில்லாமல் தூங்கினாள். அவள் தூங்குவதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு நேராக மேட்ரனிடம் போய், பேச்சி கட்டுப் பிரிக்கவில்லை, பொய் எழுதியிருக்கிறாள் என்று சொன்னது நான்.

யார் சொன்னது என்று நீ கேட்கவில்லை. தெரிந்தேதான் கேட்கவில்லை. உனக்குப் படிப்பு முடிவது ஆறு மாதம் தள்ளிப்போனது. எங்களோடு நீ பட்டம் வாங்க முடியவில்லை. உனக்கு வரவேண்டிய முதல் பரிசு, அந்தச் சீமை ஷெஃபீல்டு கத்தரிக்கோல், எனக்கு வந்தது. இன்றுவரை அதில்தான் நான் கட்டு வெட்டுகிறேன்.

சந்தனச்செல்விக்குக் காலை எடுத்தார்கள். நீ அப்போது வார்டில் இல்லை, உன்னைத் துணி அடுக்குகிற லினன் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. வெட்டிய இடத்தில் போட்ட தையல் ஒவ்வொன்றும் ஐந்தாம் நாள் வாய் திறந்தது. சுற்றிலும் அதே நிறம். கையில் ஊசி போட்ட இடங்களும் திறந்தன. பதினேழாம் நாள் அவள் போய்விட்டாள். இரண்டு வயதுப் பிள்ளை வராந்தாவில் நின்றது.

இப்போது இவர் புறங்கையைப் பார். நான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். யாரிடம் போய் இதைச் சொல்ல. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் தூங்கினாள் என்பதை எந்த டாக்டர் கேட்பார். இன்று சாயங்காலம் கட்டுப் பிரிக்கவில்லை.

ஜனவரி 18

கேட்கிற டாக்டர் ஒருத்தி இருந்தாள். பாளையங்கோட்டை ரோட்டில் தோல் டாக்டர், ருஷ்தா என்று பெயர். காயல்பட்டினத்துப் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சர்ஜன் பார்க்கிற புண்ணை முகப்பருவுக்கு மருந்து கொடுக்கிறவளிடம் கொண்டு போகிறேனே என்று எனக்கே சந்தேகம்தான். ஆட்டோவில் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

அவள் காலைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வெகுநேரம் ஓரத்தை மட்டும் பார்த்தாள். அப்புறம் புறங்கையைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை சுரண்டியதும் என்ன ஆனது என்று தேதிவாரியாகக் கேட்டாள். நான் நோட்டில் குறித்து வைத்திருந்தேன், கொடுத்தேன். சந்தனச்செல்வியைப் பற்றியும் சொன்னேன். அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

பிறகு, வயிறு எப்பிடி, மோஷன்ல ரத்தம் போகுதா என்று அவரைக் கேட்டாள். காலில் புண் என்று வந்தவரிடம் இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல். அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றார் அவர். நானும் முந்திக்கொண்டு, அதெல்லாம் ஒன்றும் கிடையாது, இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா என்றேன்.

சிஸ்டர், இதுக்குன்னு ஒரு டெஸ்ட் கிடையாது என்றாள். ரத்தக்குழாய் அடைப்பா, டிபி கிருமியா, காளானா, கேன்சரா, ஒவ்வொண்ணா இல்ல இல்லன்னு கழிச்சுட்டு வந்து, கடைசில மிஞ்சுறதுதான் இது என்று ஒரு பெயரை எழுதிக் காட்டினாள். பயோடெர்மா கேங்கிரினோசம். பெயரில்தான் சீழும் அழுகலும் இருக்கிறது, உள்ளே கிருமியே கிடையாதாம். உடம்பு தன் தோலையே பகையாளி என்று நினைத்து அடிக்கிறது. எங்கே கீறினாலும் அங்கே ஓடிவந்து அடிக்கும், கத்தியும் சரி, ஊசியும் சரி. கழிக்க வேண்டியதைக் கழிக்க ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்தே ஆகணும், அதுவும் மாத்திரை ஆரம்பிச்சபிறகுதான், வேற யாரும் இதுல கத்தி வைக்கக் கூடாது என்றாள்.

அதற்குப் பிறகு, யாரு இதை இவ்வளவு சுத்தமா வச்சிருக்குறது என்று கேட்டாள். நான்தான் என்றேன். எத்தனை வயதானாலும் புத்தி போகிறதா பார், ஒரு பாராட்டு வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்க சுத்தமா வச்சிருந்ததாலதான் கிருமி இல்லன்னு எனக்குத் தைரியமா சொல்ல முடியுது என்றாள். ஆனா சிஸ்டர், இனிமே சலைனை மேல ஊத்துறதோட நிறுத்திக்குங்க, நீங்க எடுத்தது செத்த சதை மட்டும் இல்ல என்றாள்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பிள்ளை என் கையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஐம்பத்தைந்து நாள். எத்தனை தடவை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

திரும்பும் வழியில் அவர் ஆட்டோவைப் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை முன்னால் நிறுத்தச் சொன்னார். அந்தக் காலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு போய், வர வெகுநேரமானது. வெளியே நின்றபோதுதான் கடைசி வரிசை எனக்கு விளங்கியது. கேட்டுக்குப் பக்கத்தில்தானே கோயில் கழிப்பறை. வந்ததும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒன்றரை வருசமா ரத்தமும் சளியுமா போகுது, எங்க அப்பா குடல் கேன்சர்ல போனவர், அந்தப் பயம்தான் என்றார். என்னிடம் சொல்வதற்கு என்ன என்றேன். சொன்னா நீ விடமாட்ட ளா, கட்டில்ல போட்டு என்னையும் சுத்தம் பண்ண ஆரம்பிச்சிருவ, நான் உனக்குப் புருசனா இருக்கணும்னு நெனச்சேன், பேஷன்டா இல்ல என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். ஆட்டோக்காரர் எங்களைப் பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டார். அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், சொல்லிட்டாங்களே, குடலும் காலும் ரெண்டும் ஒரே வீட்டு வியாதிதான் சிஸ்டர், குடலையும் அதே உடம்புதான் அடிக்குது என்றாள்.

ஜனவரி 23

நாளைக் காலை ஸ்டெபின் கிளம்புகிறான். இன்று முடித்தாக வேண்டும்.

22-ஆம் தேதி ஆபரேஷன் நடக்கவில்லை. சர்ஜன் கோபப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவர் படித்ததும் நான் படித்ததும் ஒரே படிப்பு. பிந்தி உயிர் போனா பொறுப்பு உங்களுது என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கினார். அதில் கையெழுத்துப் போட்டேன். ஜெஸ்லின் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அப்பாவைக் கொன்னுராத என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாள்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். உள்ளேயும் புண்கள்தான், கேன்சர் இல்லை. ஓரத்துத் துண்டின் ரிசல்ட்டும் வந்தது, டிபி இல்லை, காளான் இல்லை, கேன்சர் இல்லை. இத்தனை இல்லைகளைக் கேட்டு ஸ்தோத்திரம் சொல்லியும் மனம் அடங்கவில்லை. ஸ்டீராய்டு ஆரம்பித்து ஐந்து நாள். சர்க்கரை முந்நூற்று எண்பதுக்கு ஏறி, இப்போது வேளாவேளைக்கு இன்சுலின். அந்த ஊசி குத்துகிற இடத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்துத் தினம் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். புறங்கைக் கொப்புளம் அப்படியே நிற்கிறது. மேல் ஓரம் நின்றுவிட்டது. கணுக்கால் பக்கம் நேற்றைக்கு இன்று அரிசி அளவு இறங்கியிருக்கிறது. பத்து நாள் பார்ப்போம் என்கிறாள். நிற்காவிட்டால் என்று கேட்டேன். வேற மருந்து இருக்கு என்றாள். அதற்கும் நிற்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

மூன்று நாளைக்கு ஒருமுறை சலைன் ஊற்றி, ஒட்டாத துணியை மேலே வைத்து, லேசாகச் சுற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. மஞ்சளாகப் படிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். உனக்குத் தெரியும், என்னால் அடுத்த வீட்டுத் திண்ணைத் தூசியைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்று மத்தியானம் அவர் தூங்கினார். டிசம்பருக்குப் பிறகு முதல் தூக்கம். நான் அடுப்படிக்குப் போனேன், உலை வைத்தேன் என்றுதான் நினைத்தேன். நினைவு வந்து பார்த்தபோது கட்டுச் சாமான் வைக்கிற கிட்னி ட்ரேயோடு கட்டில் பக்கத்தில் நிற்கிறேன். பஞ்சு மடித்து வைத்திருக்கிறது. கத்தரிக்கோல் கொதித்து, ஆறி, என் கையில் இருக்கிறது. கட்டின் முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தேன் பேச்சி. அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

திரும்பவும் முடிச்சைப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கருவாட்டுப் பையில், அடியில், செய்தித்தாளில் சுற்றி அந்தக் கத்தரிக்கோல் இருக்கிறது. பெட்டியில் போட்டு ஏற்றச் சொல்லியிருக்கிறேன், கையில் வைத்திருந்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். அது உன்னுடையது. முப்பத்தாறு வருஷம் என்னிடம் இருந்துவிட்டது. மன்னிப்பு என்கிற வார்த்தையை எழுதி எழுதி இரண்டு தாள் கிழித்துவிட்டேன். அதை விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் செய். அன்றைக்கு வார்டில் நீ என்னிடம் சொன்னதை உன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, உடனே போனில் போட்டோ எடுத்து அனுப்பு. தொடாதே ளா, விட்டுப் பாப்போம் என்று. பெரிய எழுத்தில் எழுது. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கிறேன். டாக்டர் சொன்னால் என் கை கேட்க மாட்டேன் என்கிறது. நீ சொன்னால் இந்தத் தடவை கேட்கும்.

உன் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. என் கைகளுக்காக நீ உன் சாமியிடம் கேள்.

உன்,
ஜெயஷீலா